கிளி மூக்கில் சிவப்பு தூக்கல்

"ஒதுங்குங்க! ஒதுங்குங்க!"

சிவகாசி பஸ் ஸ்டாண்டு வாசலில் ஓர் இளநீர் வண்டியையும், போகிற வழியைத் தீர்மானிக்காத ஓர் ஆட்டையும் மயிரிழையில் தப்பவிட்டுப் பறந்தது இக்பாலின் மொபெட். பின்சீட்டில் அவன் மனைவி சாலிஹா, ஹேண்ட்பேகை இறுக்கிப் பிடித்தபடி. முன்னால், புகை கக்கிக்கொண்டு விருதுநகர் பஸ். அதற்குள் இக்பாலின் பார்சல்.

அதை ஏற்றிவிட்டதே இக்பால்தான். இப்போது இறக்கியாக வேண்டும்.

"ஓட்டுறீகளா, உருட்டுறீகளா மச்சான்?"

"கிளி மூக்கைப் பாத்தியா நீ? சிவப்பு தூக்கலா இருக்கு புள்ள. அண்ணாச்சி பாத்தா சிரிச்சிருவாக."

"கிளி மூக்கு சிவப்பா இல்லாம நீலமாவா இருக்கும்?"

சிவகாசியில் அடுத்த வருடம் ஆடிப்பெருக்கன்றே பிறந்துவிடும். புதுக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி அன்றைக்குத்தான் வெளியே விடுவார்கள். கடைக்காரர்கள் அன்று காலை யாருடைய ஆல்பத்தைப் புரட்டுகிறார்களோ, ஆர்டர் பெரும்பாலும் அவர்களுக்கே. இன்று அந்த நாள்.

இக்பால் இத்தனை காலமும் பிறத்தியார் ஆல்பத்தைச் சுமந்த கமிஷன் ஏஜென்ட். அவன் பிடித்துக் கொடுத்த ஆர்டர்களில் முதலாளி மாடிக்கு மேல் மாடி எழுப்பிவிட்டார். அவனுக்கு மிஞ்சியது வெயிலில் கறுத்த முகம். இப்போது முதல் பக்கத்தில் ஒரு கிளிப் படமும் 'இக்பால் காலண்டர்ஸ்' என்ற பேரும் போட்டுச் சொந்த ஆல்பம் தயார். விருதுநகர் மொத்த வியாபாரி இராமகிருஷ்ணன் அண்ணாச்சி சரி என்று தலையாட்டினால் கம்பெனி உண்டு. இல்லையென்றால் நாளை முதல் மறுபடியும் முதலாளியின் ஆல்பம்தான்.

ஆல்பப் பார்சலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் அவனுக்குக் கிளி மூக்கு ஞாபகம் வந்தது. அதைத் தொடர்ந்து, பேரைப் பெரிய எழுத்தில் போட்டது திமிராகத் தெரியுமோ என்ற பயம். அப்புறம், நம்ம மூஞ்சிக்கெல்லாம் ஒரு கம்பெனியா என்ற பழைய கேள்வி.

ஹேண்ட்பேகுக்குள் அவன் செல்போன் அலறியது.

"குடு புள்ள! அண்ணாச்சிக்குப் போன் போட்டு, வர்ற பார்சலைப் பிரிக்காதீகன்னு சொல்லிருதேன்."

"வண்டி ஓட்டயில போன் பேசுனா போலீஸ் பிடிப்பாக."

"ஹெல்மெட் இல்லைன்னாலுந்தான் பிடிப்பாக!"

"அப்ப எதுக்கு ரெண்டு குத்தம்? ரோட்டைப் பாருங்க."

திருத்தங்கல் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ் நின்றது. மொபெட்டை அதன் மூக்குக்கு முன்னால் குறுக்கே போட்டு இறங்கினான் இக்பால். கண்டக்டர் சோணைமுத்து படிக்கட்டில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏ பாய்! போன வருசமும் இதே கேட்டுல பஸ்ஸை மறிச்சது நீங்கதான?"

"அது வேற ஆளு."

"வேற ஆளா? இதே சட்டைல்ல போட்டிருந்தாரு!"

பஸ்ஸுக்குள் சிரிப்பு. இக்பால் காதில் வாங்காமல் உள்ளே பாய்ந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த பார்சலை அள்ளிக்கொண்டு இறங்கினான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சு விட்டான். மானம் பிழைத்தது! அடுத்த வருஷம் மூக்கைச் சரி பண்ணி, நிதானமாக...

செல்போன் மறுபடி அலறியது. இந்த முறை சாலிஹா தானாகவே எடுத்து நீட்டினாள்.

"அண்ணாச்சிதான். பேசுங்க."

"இக்பாலு! உன் ஆல்பத்தைப் பாத்தேன்ய்யா."

இக்பால் முந்திக்கொண்டான். "அந்த மூக்கு... அடுத்த தடவை சரி பண்ணிருதேன் அண்ணாச்சி."

"எந்த மூக்கு? எங்க வீட்ல அந்தக் கிளியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேங்காக. இந்த வருசம் கடை காலண்டர் பூராம் உன் கம்பெனிலதான். பக்கத்துக் கடையிலயும் கேக்காக. எப்ப வார?"

"வாரேன்... வந்துருதேன் அண்ணாச்சி..."

போனை வைத்தான். கையிலிருந்த பார்சலைப் பார்த்தான். சாலிஹாவைப் பார்த்தான். அவள் மிகுந்த அக்கறையோடு, இன்னும் வராத ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, ஆல்பம் இங்கன என் கையிலல்ல இருக்கு! அங்கன அண்ணாச்சி எதைப் பாத்தாக?"

சரக்கென்று சணலை அறுத்துக் காகிதத்தைக் கிழித்தான். கிளியைக் காணோம். ஒரு மயில் தோகை விரித்து நின்றது. அதன் காலடியில் கொட்டை எழுத்தில் 2006. 2007 அல்லவா இருக்க வேண்டும்!

"போன வருசம் இதே பஸ்ல இருந்து நீங்க இறக்கிக் கொண்டாந்து பரண்ல போட்டீகள்ல, அதே ஆல்பந்தான்" என்றாள் சாலிஹா. "இந்த வருசத்தது நேத்தே என் தம்பி முஹ்சின் கையில விருதுநகர் போயிருச்சு. இன்னைக்குக் காலையில துரத்துறதுக்கு உங்களுக்கு ஏதாச்சும் வேணுமே மச்சான், அதான் இதைக் கட்டி வச்சேன்."