ஏலக் கொட்டகையில் அந்தரத்தில் நின்ற முப்பது பேர்

2003 மே பதினோராம் தேதி காலை பதினொன்றே காலுக்கு, காசிமேடு துறைமுகத்தின் பழைய ஏலக் கொட்டகையில் பயிலரங்குக்காக உட்கார்ந்திருந்த முப்பத்தோரு பேரும் நாற்காலியை விட்டு ஒரு சாண் மேலே எழும்பினார்கள். அன்று வெயில் நூற்று நான்கு டிகிரி. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மீன் வரத்து இல்லை. பயிலரங்கின் பெயர் 'விமர்சனக் கோட்பாடும் வாழும் வகைகளும்'. பத்து நாள், தீவிரமானது என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தது. நடத்தியவர் பேராசிரியர் சங்கரநாராயணன். உழைக்கும் மக்களின் வாழ்வை அவர்கள் மண்ணிலேயே ஆராய வேண்டும் என்று ஏ.சி. அரங்கத்தை உதறிவிட்டு வந்தவர். வந்ததும் முதல் வேலையாகக் கொட்டகையை மூன்று முறை பினாயில் போட்டுக் கழுவச் சொன்னார்.

நாளுக்கு ஒரு சாண் வீதம் உயர்ந்தார்கள். யாரும் பதறவில்லை, ஏனென்றால் யாரும் கீழே பார்க்கவில்லை. டீயைத் துரட்டியில் மாட்டி மேலே கொடுத்தார்கள். கொட்டகைப் பொறுப்பாளர் ராசையா கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கொட்டகையை வாடகைக்கு விட்டே பழகியவர். பிரியாணி தீர்ந்தால் விசேஷம் தீர்ந்தது என்பது அவர் கணக்கு. அதே பழக்கத்தில் இதற்கும் பத்திரத்தில் 'நிகழ்ச்சி முடியும் வரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பத்தாம் நாள் மாலை, பயிலரங்கை முடிப்பது சரிதானா என்று ஓர் அமர்வு தொடங்கியது. அது இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது.

முப்பத்தோரு பேரில் ஒருத்தி செங்கொடி. அதே கொட்டகையில் இருபத்திரண்டு வருடமாக மீன் விற்கும் கெங்கம்மாவின் ஒரே மகள். பயிலரங்கின் சான்றிதழ் இருந்தால் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைக்கும் என்று சொல்லியிருந்ததால் சேர்ந்தாள்; எல்லாரோடும் சேர்ந்து உயரவும் செய்தாள். கொட்டகைக்கு ஒரு சட்டம் உண்டு. தடை முடிந்து முதல் படகு கரை தொடும் காலையில், மீன்காரியோ அவள் வீட்டுப் பெண் ஒருத்தியோ கூடையோடு தன் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் இன்னொருத்திக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது. கெங்கம்மா அந்த மாதம் குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு பிழைப்பும் கிடையாது, வேறு மகளும் கிடையாது.

படகு வந்த காலை, கெங்கம்மா மீன்பாடி வண்டியில் படுத்தபடியே கொட்டகைக்குள் வந்தாள். மற்ற மீன்காரப் பெண்கள் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு அவரவர் இடத்தில் குந்தியிருந்தார்கள். ராசையா பத்திரத்தைக் காட்டினார். "நிகழ்ச்சி மேலதான நடக்குது? எங்க எடம் கீழதான கீது?" என்று கேட்டார்கள். அவர் பத்திரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கெங்கம்மா அண்ணாந்து பார்த்தாள். கூரைத் தகரத்தில் தலை முட்ட மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாடி அங்க தொங்கிகினு கீற? எறங்கி வந்து குந்துடி. எடம் பூடும்."

"எறங்க வரலம்மா. காலு எங்க கீதுன்னே தெர்ல."

இறங்குவது என்ற சொல்லிலேயே அதிகாரம் ஒளிந்திருக்கிறது என்று பேராசிரியர் பக்கத்திலிருந்து சொன்னார். சான்றிதழையும் ஞாபகப்படுத்தினார். செங்கொடி அழுதாள். இரண்டு பெண்கள் மீன் பெட்டிகளை அடுக்கி ஏறி, ஐஸ் நிரப்பிய கெங்கம்மாவின் அன்னக்கூடையை அவள் பக்கம் நீட்டினார்கள். எட்டாம் வகுப்பு முழுக்கப் பள்ளிக்குப் போகுமுன் அவள் சுமந்த கூடை அது. விளிம்பைப் பிடித்தாள். கூடை அவளைக் கீழே இறக்கி, சரியாக அம்மாவின் இடத்தில் உட்கார வைத்தது.

பெண்கள் பொல்லாதவர்கள் அல்ல. மற்ற முப்பது பேருக்கும் அதே கூடையை நீட்டினார்கள். "புடி சார், ஒண்ணும் ஆவாது" என்றார்கள். பத்தொன்பது நாள் உழைப்பைப் பற்றிப் பேசிய அந்த முப்பது பேரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

வருடங்கள் ஓடின. பல்கலைக்கழகம் அவர்களைப் பணியில் இருப்பதாகவே வைத்துச் சம்பளத்தை வங்கியில் போட்டது. கொட்டகைக்கு நன்மைதான், அவர்கள் கையை வீசி வீசி வாதாடியதில் மீனைக் கொத்த வரும் காக்கை ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை. சான்றிதழ் இல்லாமலே வேறொரு கல்லூரியில் இடம் வாங்கிய செங்கொடி, காலையில் மீன் விற்று மதியம் எழுதி, 2008இல் மீன்காரப் பெண்களின் வாழ்வைப் பற்றிய ஆய்வேட்டைக் கொடுத்தாள். மதிப்பிடச் சங்கரநாராயணனையே போட்டார்கள். ஆய்வேடு துரட்டியில் மேலே போனது. மூன்று மாதம் கழித்து அறிக்கை அவள் மடியில் வந்து விழுந்தது. ஒரே வரி: 'கள அனுபவம் போதாது.'

"சார், கொஞ்சம் குனிஞ்சி பாரு, நான் எங்க குந்திகினு கீறேன்னு" என்று கத்தினாள்.

அவர் குனியவில்லை. அந்த நேரம் ஒரு காக்கை அவள் கூடையை நோக்கி வந்தது. ஏதோ ஒரு கருத்தை மறுத்துக் கையை வீசினார். அது பறந்து போனது. கூடையைப் பார்த்துக்கொண்டதற்கு அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, செங்கொடி அடுத்த கூறு சங்கரா மீனைத் தரையில் பரப்பினாள்.