பெனிஷின் புல்டோசர்

பெனிஷ் துபாயில் பதினொரு வருடம் புல்டோசர் ஓட்டியவன். ஜேசிபி நுழைய முடியாத ரப்பர் தோட்டங்களுக்கென்று ஒரு சின்ன புல்டோசரைத் தானே செய்துவிடும் நினைப்போடு சொந்த ஊரான சிதறாலுக்குத் திரும்பினான். பவர் டில்லர் எஞ்சினும் பழைய டிப்பர் லாரியிலிருந்து கழற்றிய ஹைட்ராலிக் பம்பும் பொருந்திவிட்டன. மண் தள்ளும் பிளேடுதான் சரிப்படவில்லை. தட்டையான தகட்டை நிமிர்த்தி வைத்திருந்தான். மண் குவிந்து, மேலேறி, பின்பக்கம் கொட்டியது.

அவன் மனைவி ஷிபா பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தியவள். முதல் குழந்தை பிறந்ததும் வீட்டார் வேலையை விடவைத்தார்கள்.

"மண்ணு உருளணும், கேட்டியளா. பெரிய பைப்பை நீளவாக்கில கீறினா அந்த வளைவு கிட்டும்" என்றாள்.

நான்கு நாட்கள் மகளின் பழைய நோட்டில் வரைந்தாள். பிளேடின் அடிமுனை எவ்வளவு சாய வேண்டும், அதைத் தூக்கும் இரண்டு சிலிண்டர்களையும் எங்கே மாட்ட வேண்டும் என்று அளவு போட்டுக் கொடுத்தாள். பெனிஷும் வெல்டரும் அப்படியே வெட்டி மாட்டினார்கள். மண் சுருண்டு முன்னால் ஓடியது. ஷிபா புட்டு மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்து பார்த்தாள்.

சபையில் பெனிஷுக்குச் சால்வை போட்டார்கள். அவன் மைக்கில் கர்த்தருக்கும் போதகருக்கும் வெல்டர் ஏசுஅடிமைக்கும் நன்றி சொன்னான். பெண்கள் வரிசையில் இருந்த ஷிபா, கடைசிவரை காத்திருந்தாள்.

அடுத்த மாதம் கோயம்புத்தூர் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். "அடிமுனையை ஏன் இவ்வளவு முன்னால் நீட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"அது... ஒரு அழகுக்கு" என்றான் பெனிஷ்.

"நிமிர்ந்து நின்னா மண்ண உரசிட்டுதான் போவும் சார். உள்ள இறங்கணும்லா" என்றாள் ஷிபா.

பெனிஷ் திரும்பினான். "ஏட்டி, சாருக்குச் சாயா எடு, போ."

அவள் போனாள். சமையலறை ஜன்னல் வழியே, புல்டோசரின் மேல் உட்கார்ந்து அவன் போட்டோவுக்குச் சிரிப்பது தெரிந்தது.

கம்பெனிக்காக அடுத்ததைப் பெரிதாகச் செய்தான். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. முதல் நாளே பிளேடின் ஒரு மூலை பாறையில் இடித்து, அதைத் தாங்கிய இரும்புக் கைகள் இரண்டும் முறுக்கிக்கொண்டன.

"ஷிபா, இது எதனாலட்டி?"

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு இரும்புக் கைகளையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குச் சட்டம் நடுவே இல்லை. பார்த்த நொடியிலேயே தெரிந்தது.

"எனக்குத் தெரியல்ல" என்றாள்.

ஒரு இயந்திரத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது. சொன்னபின் மனம் ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை.