துருவும் சேறும்

திங்கட்கிழமை முதல் அஜிஷாவுக்குக் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. கடியப்பட்டணத்திலிருந்து பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

பழைய வண்டிகள் விற்கும் வினோஜ் ஒரு சிவப்பு பைக்கைத் துடைத்து நிறுத்தினான்.

"வாத்தியார் ஓட்டின வண்டி மக்கா. ஒரு கீறல் கிடையாது. ஆனா பொம்பளப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் போதாதா?"

"எங்க கடற்கரை மணல்ல அந்தச் சின்ன வீல் சறுக்கும் அண்ணே."

துபாயிலிருந்து அவள் அண்ணன் பெனின், என்ஜின் சத்தத்தைக் கேட்டு வாங்கச் சொல்லியிருந்தான். சத்தத்தில் குறையில்லை. அஜிஷா குனிந்து, பின்சக்கரத்தின் மேலுள்ள கம்பியைச் சாவியால் சுரண்டினாள். புதுக் கறுப்புப் பெயின்டின் அடியிலிருந்து துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"வாத்தியாரு மீன்பெட்டி கட்டியா பள்ளிக்கூடம் போனாரு? ஐஸ்தண்ணி வடிஞ்ச இடம் எனக்குத் தெரியாதா? எங்கம்மா மீன்காரி."

வினோஜ் சிரித்துச் சமாளித்தான்.

மூலையில் சேறு காய்ந்த நீல வண்டி ஒன்று நின்றது.

"அது சுசீந்திரத்துல வயலுக்குப் போன வண்டி. ஒரே அழுக்கு, பாக்கக் கொள்ளாது."

அதையும் சுரண்டினாள். சேறுதான் உதிர்ந்தது. கம்பி உறுதியாக இருந்தது.

"இது போதும்."

"கழுவித் தரட்டா?"

"வேண்டாம். நானே கழுவுனாத்தான் வண்டி முழுசும் தெரியும்."

ஏறி உட்கார்ந்தாள். இரு கால்களும் தரையில் ஊன்றின.