அண்ணன் சுட்ட வான்கோழி

ஜூரியாக உட்காரப் போனதைத் தவிர, எங்கள் ஹார்கிஸ் குடும்பத்தில் யாரும் நீதிமன்றப் படி ஏறியதில்லை. இதை ஊரில் நான் சொல்லாத ஆள் கிடையாது. முடிதிருத்துபவரிடம் இரண்டு முறை சொல்லியிருப்பேன். எழுபத்தாறு வயதில் நானே ஏறினேன், குற்றம் சாட்டப்பட்டவனாக.

வசந்தகால வான்கோழி வேட்டையில் ஒரு சேவலின் பின்னால் போய் பக்கத்து நிலத்துக்காரன் பர்செலின் வேலியைத் தாண்டிவிட்டேன். அடுத்தவன் நிலத்தில் அனுமதியில்லாமல் வேட்டை. அபராதத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஷெரிஃபின் ஆள் என் மார்பைத் தட்டிப் பார்த்தான். சட்டைக்குள் குண்டு துளைக்காத கவசம். எங்கள் மாநிலத்தில் துப்பாக்கியோடு குற்றம் செய்கிறவன் கவசமும் அணிந்திருந்தால் அது தனியாக ஒரு பெருங்குற்றம். ஓட்டுரிமை போகும், துப்பாக்கி போகும், குடும்பப் பெயரும் போகும்.

என் வழக்கறிஞர் ஒடெட் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"திருப்பிச் சுடுவாங்கன்னு தயாரா வந்த ஆளுன்னு சொல்லப் போறாங்க சார். எதுக்குப் போட்டீங்க?"

"குளிருக்கு."

"மே மாசத்துலயா? உண்மையச் சொன்னா இந்தக் குற்றச்சாட்டு நிக்காது. சொல்லலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

உண்மை என் அண்ணன் ஆம்ப்ரோஸ். ஹார்கிஸ் குறி தப்பாது என்பது எங்கள் மாவட்டத்தில் சட்டம் மாதிரி. அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் மரத்தடியில் மறைந்து உட்கார்ந்து பெட்டை வான்கோழி போலக் குரல் கொடுப்பேன். அதில் எனக்கு இணை யாருமில்லை. அந்தக் கர்வம்தான் வினையானது. போன வசந்தத்தில் அண்ணன் நிஜ வான்கோழி என்றே நம்பிவிட்டார். என் முதுகில் துப்பாக்கி ரவைகள். முள்வேலியில் விழுந்தேன் என்று மனைவியிடம் சொன்னேன்; அவளும் மரியாதைக்காக நம்பினாள். அதிலிருந்து கவசம்.

விசாரணையன்று அண்ணன் முதல் வரிசையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் பாதி ஊர்.

நீதிபதி அம்மா கேட்டார்: "மிஸ்டர் ஹார்கிஸ், உங்கள யார் சுடுவாங்கன்னு எதிர்பார்த்தீங்க?"

பெருங்குற்றவாளி ஆவதா, அண்ணனை ஊர் சிரிக்க விடுவதா? முதுகை நிமிர்த்தினேன். வலித்தது.

"என் அண்ணன், அம்மா."

சிரிப்பு கூரையை முட்டியது.

அரசு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். "இப்ப இட்டுக்கட்டின கதை இது!"

"யாருடா அது இட்டுக்கட்டினதுங்கறது?" அண்ணன் எழுந்துவிட்டார். "போன வருஷம் நாந்தான் இவனச் சுட்டேன்! நாப்பது கஜத்துல, புதருக்குள்ள! ஒரு ரவைகூட வெளிய போகல. லெம்யூவெல், சட்டையக் கழட்டு!"

"அண்ணே, உக்காருங்க."

"கழட்டுடா! இவனுங்க நம்ம குறியச் சந்தேகப்படுறானுங்க!"

கழற்றினேன். ஹார்கிஸ் வம்சத்தில் நீதிமன்றத்தில் சட்டை கழற்றிய முதல் ஆள் நான்தான். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் முதுகின் தழும்புகளைப் பார்த்தார். பின்வரிசையில் பர்செல் பெட்டை வான்கோழி மாதிரி குரல் கொடுத்தான். அதிலும் சுருதி தப்பு.

"பயம் நியாயமானதுதான்" என்றார் நீதிபதி. கவசக் குற்றச்சாட்டு தள்ளுபடி. வேலி தாண்டியதற்கு அபராதம்.

அண்ணன் தொப்பியை எடுத்து மார்பில் வைத்து, "ரொம்ப நன்றி, அம்மா. எங்க குடும்ப மானத்தக் காப்பாத்திட்டீங்க" என்று தலை தாழ்த்தினார்.

நீதிபதிக்குப் பக்கத்தில் இருந்த கொடிக்கம்பத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

மறுபடி சிரிப்பு கிளம்புமுன் நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர் அருகில் போய் நின்றேன். நானும் அந்தக் கம்பத்துக்கே தலை வணங்கினேன்.

"ரொம்ப நன்றி, அம்மா" என்றேன்.