நிரப்பாத வட்டம்

எங்கள் பாறசாலைச் சந்தையில் வாழைக்குலை வாங்குகிறவன் விலையை மறுத்துப் பேசமாட்டான். அதெல்லாம் சில்லறைக்காரன் வேலை. ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ஜீப்பில் ஏத்தன் என்கிற நேந்திரன் குலையோடு வருகிறவர் ஒரு விலை சொல்வார். வாங்குகிறவன் குலைத்தண்டை ஒரு தட்டுத் தட்டுவான், ரோட்டைப் பார்ப்பான், மெல்ல, "உறப்பா?" என்பான். நிச்சயந்தானா என்று அர்த்தம். அப்புறம் வாய் திறக்கமாட்டான். அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் விற்கிறவர் தானாகவே ஒரு படி இறங்குவார். எங்கள் அப்பன்மார் இதை வைத்து வீடு கட்டினார்கள். நாங்கள் மாடி எடுத்தோம்.

இதை ஒரு மனுஷன்மேல் போட்டுப் பார்த்தவன் குலைக்கடை ஷிபு. கூட இருந்து சிரித்தவர்கள் நாங்கள்.

அஜேஷ் அந்தக் கடையில் எடை பார்த்து எழுதுகிறவன். தமிழ் மீடியத்தில் படித்து, டிகிரியும் வாங்கி, பதினைந்து வருஷமாக, கேரள அரசாங்க வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். வயது முப்பத்தொன்பதைத் தொட்டுவிட்டது. வரப்போகிற கிளார்க் பரீட்சைதான் கடைசி, அதற்குப் பிறகு விண்ணப்பமே போட முடியாது. காரோடு ஊர்க்காரர் ஒருவர் தன் மகள் பிரசீதாவை அவனுக்குப் பேசி வைத்திருந்தார். வேலைக்கான ஆர்டர் கைக்கு வந்ததும் நாள் குறிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இந்திய சரித்திரத்தில் அஜேஷுக்குத் தெரியாதது கிடையாது. டீ வருகிற நேரத்தில் நாங்கள் கேள்விகளை எறிவோம். ஐஹோளே கல்வெட்டு யாரைப் புகழ்கிறது? இரண்டாம் புலிகேசியை. வைக்கம் சத்தியாகிரகம் எந்த வருஷம்? 1924. தராசிலிருந்து குலையை இறக்கிக்கொண்டே சொல்வான். நாங்கள் போனில் தேடிப் பார்ப்போம். ஒரு தரமாவது தப்ப வேண்டுமே! தப்பமாட்டான். நாலு கடைக்கும் ஆறு லாரிக்கும் சொந்தக்காரர்களான எங்களுக்கு அது உள்ளுக்குள் அரித்தது.

ஒருநாள் நான்தான் கேட்டேன், அருவிப்புறம் சிவப் பிரதிஷ்டை எந்த வருஷம் என்று. 1888 என்றான். ஷிபு போனை எடுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த குலைத்தண்டைத் தட்டினான், ரோட்டைப் பார்த்தான்.

"உறப்பா?"

அஜேஷ் சிரித்தான். "உறப்புதான் அண்ணா. அருவிப்புறம் நமக்க பக்கத்திலயாக்கும்."

ஷிபு பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. குலையைக் கையில் பிடித்தபடி அவன் நின்றான். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"எண்பத்தெட்டு" என்றான். பிறகு, "எண்பத்தொம்பது இல்லல்லா?" என்றான்.

டீ மூக்கில் ஏறும்வரை சிரித்தோம்.

அன்றிலிருந்து நாலு மாதம் தினமும் அதே சரக்குதான். முதல் வாரம் சண்டை போட்டான். அடுத்த வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் போகிற சாக்கில் வீட்டுக்கு ஓடிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தான். பரீட்சை நெருங்க நெருங்க, நாங்கள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே, சரிதானே அண்ணா என்று அவனே கேட்க ஆரம்பித்தான். ஒருமுறை ஷிபுவைத் தனியாகக் கூப்பிட்டு, போதும், பையனுக்கு இது கடைசிப் பரீட்சை என்று சொன்னேன்.

"அவன் ஜெயிச்சுப் போனா, இந்தச் சம்பளத்துக்கு டிகிரி படிச்ச ஒருத்தன் எனக்கு எங்கலே கெடைப்பான்?" என்றான் ஷிபு. "நீ கொண்டு வந்து தருவியா?"

நான் என் கடைக்குத் திரும்பிப் போனேன். எனக்கும் கடையில் கணக்கெழுத ஒருத்தன் உண்டு, அவனும் பரீட்சை எழுதுகிறவன்தான்.

நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடந்தது. நூறு கேள்வி. சரியான விடைக்குரிய வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்க வேண்டும். கறுப்பாக்கியதை அழிக்க முடியாது. மூன்று விடை தப்பானால், சரியாக எழுதி வாங்கிய மார்க்கில் ஒன்று போய்விடும். அதனால் நிச்சயமில்லாததை வெறுமனே விட்டுவிடுவார்கள். அஜேஷ் பரீட்சை முடிந்து நேராகச் சந்தைக்கு வந்தான், கேள்வித்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. ஷிபு அதை வாங்கி எங்களுக்கு உரக்க வாசித்தான். 1956-ல் மதராஸ் மாநிலத்தோடு சேராத தாலுகா எது? தோவாளை, அகஸ்தீஸ்வரம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை. இதற்கு என்ன போட்டாய் என்று கேட்டான்.

"விட்டுட்டேன்."

"எலே, நீ எங்க இருந்து எழுதின?"

"நெய்யாற்றின்கரையில."

"பின்ன?"

"பேனாவ வட்டத்துக்க மேல வச்சேன் அண்ணா. ஒங்களுக்க சத்தம் காதுல கேட்டுது. எடுத்துட்டேன்."

நெய்யாற்றின்கரையில் பெஞ்சுபோட்டு உட்கார்ந்துகொண்டு, நெய்யாற்றின்கரை கேரளத்தில்தான் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டு, ஒரு மார்க்கை விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறான். அப்படி விட்டது மொத்தம் இருபத்திரண்டு. ஷிபு ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, இருபத்திரண்டுக்கும் விடை சொன்னான். இருபத்திரண்டும் சரி. ஷிபு தராசுத் தட்டில் ஓங்கி அடித்துச் சிரித்தான். நாங்களும்தான். அஜேஷும் கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்தான், அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் யாரும் நிறுத்தவில்லை.

லிஸ்ட் வந்தபோது இரண்டு மார்க்கில் அவன் பெயர் வெளியே நின்றது. பிரசீதாவைக் காஞ்சிரங்குளத்தில் கட்டிக்கொடுத்தார்கள். சந்தையில் எங்கள் எல்லாருக்கும் அழைப்பு வந்தது, போய்ச் சாப்பிட்டோம். அன்றைக்குக் குலைக்கடையில் எடை எழுத அஜேஷ் இருந்தான். சம்பளம் கூட்டிக் கேட்கவும் இல்லை.

இந்தச் சிங்க மாதம், ஆவணியில், ஷிபுவின் மனைவி ரெஜிலாவுக்கு பி.எஸ்.சி. ஆசை வந்தது. முப்பத்தொரு வயதுதான், ஐந்தாறு பரீட்சையாவது எழுதலாம். அரசாங்கச் சம்பளம் வீட்டுக்கு வரப்போகிற சந்தோஷம் ஷிபுவுக்கு. ஆனாலும் காசு கொடுத்துக் கோச்சிங்குக்கெல்லாம் விடவில்லை. நம்ம அஜேஷைவிட விஷயம் தெரிந்தவன் எவன் இருக்கிறான், மத்தியானம் கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும் என்றான். மைனிக்கு நான் சொல்லித் தாறேன் அண்ணா என்று அஜேஷ் உடனே சரி சொன்னான்.

முதல் நாள் நாங்கள் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ரெஜிலா புது நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். அஜேஷ் எடுத்த எடுப்பில் அருவிப்புறம் பிரதிஷ்டையைக் கேட்டான். அவள் யோசிக்கவே இல்லை, 1888 என்றாள்.

அஜேஷ் பக்கத்தில் கிடந்த குலைத்தண்டை ஒரு தட்டுத் தட்டினான். ரோட்டைப் பார்த்தான்.

"உறப்பா, மைனி?"

ஷிபு டீ கிளாஸைக் கீழே வைத்தான். பேச வாயெடுத்தவன் அப்படியே மூடிக்கொண்டான். அந்த மௌனத்தில் முதலில் பேசுகிறவன் இறங்கிப்போவான் என்பது எங்கள் எல்லாரையும்விட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அஜேஷ் திரும்பவில்லை. ரோட்டில் ஒரு தமிழ்நாட்டு பஸ் களியக்காவிளைப் பக்கம் போனது. அது மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெஜிலா நோட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"எண்பத்தெட்டு..." என்றாள். "இல்லியா?"