தாசில்தாரை ஒப்படைத்த தீர்மானம்

1

இதில் வரும் ஒவ்வொரு எழுத்தும் உண்மை. கூடுவாஞ்சேரி ரயில் நிலையம் இருக்கும் திசையைப் பார்த்து, வலது கையை நீட்டிச் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன்.

கதை பிறந்தது ஒரு மூடிய கதவுக்கு முன்னால். 1974-ல் எங்கள் மனை உரிமையாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். மனைகள் நாற்பது, வீடுகள் பதினொன்று, மோட்டார் போட்ட கிணறு ஒன்று.

2

முதல் தொடக்கம்: 'அந்தி வானம் சிவந்திருந்த ஒரு' [அடித்துவிட்டேன். இதில் வானத்துக்கு வேலையில்லை.]

இரண்டாம் தொடக்கம்: ஏழாம் எண் வீட்டுச் சொர்ணத்துக்குக் காது கேட்காது. தனியாக இருந்தாள். அவளுடைய காது நாலு காலோடு தெருவில் சுற்றும், பெயர் தாசில்தார். யாராவது கதவைத் தட்டினால் போதும், அந்த நாய் எங்கிருந்தாலும் ஓடிவந்து, கொல்லை வழியாக நுழைந்து, அவள் முந்தானையைக் கவ்வி வாசலுக்கு இழுத்துவரும். மற்ற நேரத்தில் கோழி தின்னும்.

தினமும் ஏழு இருபது வண்டியில் செங்கல்பட்டுக்கும் போய்வரும். டிக்கெட் பரிசோதகர் எழுந்து இடம் கொடுப்பார். [சிரிக்க வேண்டாம். சத்தியம் செய்திருக்கிறேன்.]

3

அவளுக்குப் பக்கத்து வீட்டுச் சம்பத் எழுத்தில் சரியாக வரவில்லை. மீசை வைத்துப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். கோழிகளை அவரிடம் கொடுத்தால்தான் கதை நிற்கிறது. ஆகவே கோழிகள் அவருடையவை. போனது எட்டுக் கோழி, ஒரு சேவல்.

சங்கக் கூட்டத்தில் இறகுகளை மேஜைமேல் கொட்டினார்.

"இன்னாம்மா இது? சங்கம் வெச்சிக்கினு கீறோமா, சர்க்கஸ் வெச்சிக்கினு கீறோமா?" என்றவர், அவளுக்குப் புரிவதற்காகத் தன் கழுத்திலேயே கயிறு கட்டுவதுபோல் காட்டினார்.

"கட்டிப்போட்டா அது எப்டி அண்ணாத்த வந்து என்னைக் கூப்புடும்?" என்றாள் சொர்ணம், தெருவே கேட்கும் குரலில். "ஒன் சேவலா வந்து கூப்புடப் போவுது? அதான் போய்ச் சேந்துடுச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள். சம்பத் சிரிக்கவில்லை. கோழிகள் போனதைவிட அந்தச் சிரிப்புதான் அவரை [இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.]

4

எங்கள் சங்கத்தில் கைதூக்கும் வழக்கமில்லை. நோட்டு சுற்றும். தீர்மானத்தை எழுதி வீடுவீடாக எடுத்துப்போவேன். பதினொரு கையெழுத்து விழுந்தால் நிறைவேறியதாக அர்த்தம். எப்போதும் தண்ணீர் முறைதான்* என்பதால் யாரும் படிப்பதில்லை. முன்னவர் பெயருக்குக் கீழே போட்டுவிட்டு, "மோட்டார் எப்ப வுடுவீங்கோ?" என்பார்கள்.

* எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்பது. இதைவிடப் பெரிய விஷயம் எங்கள் நகரில் நடந்ததில்லை.

அந்த வாரம் எழுதியது: 'ஏழாம் எண் வீட்டு நாயை நாய் பிடிக்கும் வண்டியில் ஒப்படைப்பது.' முதலில் நான் போட்டேன். ஒன்பது பேர் படிக்காமல் போட்டார்கள். கடைசியாகச் சொர்ணத்தின் கதவைத் தட்டினேன். தாசில்தார் ஓடிவந்து, என் காலை முகர்ந்துவிட்டு, உள்ளே போய் அவளை இழுத்துவந்தது.

"தண்ணி முறையா, நைனா?"

தலையசைத்தேன். போட்டாள். பேனாவை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை நாய் வண்டி வந்தது. அவள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நாய் குரைத்தது மற்ற பத்து வீட்டுக்கும் கேட்டது. அன்று ஏழு இருபது வண்டி ஒன்பது நிமிடம் காத்திருந்துவிட்டுப் போயிற்று.

5

முடிவுகள்.

ஒன்று: சொர்ணம் நோட்டைப் பிடுங்கிப் படிக்கிறாள். செருப்பைக் கழற்றி என்னை [எனக்கு ஆசைதான்.]

இரண்டு: மதுராந்தகத்துக்கு அப்பால் விடப்பட்ட நாய், ரோட்டோரமாகவே திரும்பி வருகிறது. [நாலு தரம் எழுதினேன். கருங்குழியைத் தாண்ட மறுக்கிறது.]

மூன்று: சொல்லிவிடலாம் என்று போனேன். தட்டினேன். உள்ளே பாத்திரம் கழுவும் ஓசை. மறுபடி தட்டினேன். அவளை இழுத்துவர யாருமில்லை. மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும். கொல்லைப் பக்கம் சுற்றிப் போயிருக்கலாம். கேட்காது என்று தெரிந்துதான் முன்வாசலில் நின்றேன்.

எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லை வழியாகப் போகிற ஆளாக இருந்தால், அவளிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த நோட்டு இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. நாய்த் தீர்மானத்தின் கீழே பதினொன்று இல்லை, ஒரே ஒரு கையெழுத்துதான் இருக்கிறது, அது என்னுடையது.