ஞாயிற்றுக்கிழமை ஓடாத எந்திரங்கள்

தேனாம்பேட்டையில் நான் போகும் மாலை வகுப்பில் விளையாட்டுகளை வடிவமைக்கக் கற்றுத்தருகிறார்கள். கடைசிப் பயிற்சி: ஒரு கற்பனை நாடு. அதில் மந்திரம் இருக்க வேண்டும், எந்திரங்களும் வளர்ந்துகொண்டே போக வேண்டும், ஒன்றை ஒன்று விழுங்கிவிடக் கூடாது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

புதிதாக யோசிக்க என்னால் முடியுமா என்ற சந்தேகத்தில் பழைய நோட்டை எடுத்தேன். எட்டாம் வகுப்பில் நானும் பொன்ராஜும் சாந்தோம் பள்ளி மாடிப்படியில் உட்கார்ந்து உண்டாக்கிய நாடு அதில் இருந்தது. கடல் காற்றில் தாள்கள் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். பொன்ராஜ் ஊதிப் பிரிப்பான். மந்திரவாதிகள் என் பக்கம், எந்திரங்கள் அவன் பக்கம். நீர்ச்சக்கரம், நீராவி, ரயில் என்று ஒவ்வொன்றையும் பென்சிலால் வரைந்து, பல்சக்கரங்களின் பற்களை எண்ணி எழுதியிருந்தான்.

மந்திரத்துக்கு ஒரு விலை வேண்டும் என்றவனும் அவன்தான். அதை நான் எங்கள் வீட்டிலிருந்து எடுத்தேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அம்மா காபியை விட்டுவிடுவாள். அதுபோல, மந்திரம் போடுகிறவன் தனக்குப் பிடித்த ஒன்றை நாற்பது நாள் விட வேண்டும். ஞாயிறு அந்தக் கணக்கில் சேராது. அன்று அம்மா காபி குடிப்பாள், அன்று மந்திரமும் இலவசம். எந்திரங்களுக்கு அன்று ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை யார் வேலை செய்வார்கள் என்று நினைத்துப் பேனாவால் எழுதியிருந்தேன்.

வகுப்பில் மூன்று முறை ஆடிப் பார்த்தோம். மூன்றிலும் எந்திரங்கள் தோற்றன. நோட்டைப் புரட்டினால் அன்றைக்கும் அப்படித்தான். பொன்ராஜ் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், "போதும்" என்று நோட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போனான். அத்தோடு பேச்சு நின்றது. 'தோற்கத் தெரியாதவன்' என்று அன்று டைரியில் எழுதியிருக்கிறேன்.

ஆசிரியை வஜீஹா சொன்னார்: "விதிய அப்புறம் சரி பண்ணலாம் ஆஸ்வின். ரெண்டு பேர் செஞ்சது இது. அவர் சம்மதம் இல்லாம வாங்கிக்க மாட்டேன்."

ஞாயிறு பூசை முடிந்ததும் தி.நகரில் பொன்ராஜ் வீட்டுத் துணிக்கடைக்குப் போனேன். வாசலிலேயே கூட்டம். அவன் அம்மா பேச்சியம்மாள் அடையாளம் கண்டுகொண்டார். "ஃப்ளோரா டீச்சர் மவனா? வந்த நேரத்தப் பாரு. மேல நிக்கான், போய்யா."

பொன்ராஜ் ஐந்தாறு பெண்களுக்கு நடுவே சேலை விரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மச்சி, கல்யாணமா?"

"இல்லடா. ஒரு சம்மதம் கேக்க வந்தேன்."

"அத பொண்ணு வூட்ல கேளு."

பெண்கள் சிரித்தார்கள். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவன் உட்காரவில்லை. அவனுடைய டீயில் ஆடை படிந்தது.

"ஞாயித்துக்கிழமைல என்னிக்காவது இங்க வந்துகிறியா?" என்றான்.

வந்ததில்லை.

"எட்டாவதுலேர்ந்து ஞாயிறுன்னா இங்கதான் நின்னுகினு கீறேன். நீ வூட்ல குந்திகினு என் மெஷின நிறுத்திட்டு, உன் மந்திரத்த போட்டுட்டு, திங்கக்கிழம வந்து 'தோத்துட்ட'ன்னுவ."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான் பேனாவுல எழுதிட்டியே."

"சரி, ஞாயிறும் எந்திரம் ஓடட்டும்" என்றேன்.

ஒரு சேலையை மடித்து முடிக்கும்வரை யோசித்தான். "அப்ப உன் ஆளுங்க காலி. சும்மா ஓட வுடாத. ஓட்டுறவனுக்கு அந்த ஞாயிறு போவணும். ஃப்ரெண்டு கூப்ட்டா போவ முடியாது, தங்கச்சி பொறந்தநாளுன்னாலும் போவ முடியாது. உன் ஆளு புடிச்சத வுடுறான்ல, என் ஆளு இத வுடுறான்."

போனில் அப்படியே எழுதிக்கொண்டேன். பத்து வருடமாக நான் தேடாத சமநிலை அது.

"உன் பேரும் போட்டுக் குடுத்துடவா?"

"ஆடிப் பாக்காமலா? புதன்கிழம மூணு மணிக்கு வா. கடை காலியா இருக்கும்."

"நாளைக்கே குடுக்கணும்டா."

அவன் அடுத்த சேலையை உதறி விரித்தான்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லோரும் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. இந்தமுறை சான்றிதழ் கிடைக்காது என்று வஜீஹா மேடம் சொன்னார். சரி என்றேன். செய்தது சரிதானா என்று பஸ்ஸில் வரும்போதுகூடத் தெரியவில்லை.

புதன்கிழமை மூன்று மணிக்குச் சேலைக் கட்டுகளுக்கு நடுவே இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பழக்கத்தில் என் கை முதலில் நோட்டை எடுக்க நீண்டது.

"மொதல்ல நான்டா," என்றான்.

நோட்டை அவன் பக்கம் தள்ளினேன்.